தாயை வேலைக்காரி ஆக்கிய ஹாலிவுட் அழகி

லண்டன் மாநகரில் ஒரு வீடு. 1930-ம் ஆண்டுக்குப் பிந்திய சில ஆண்டுகள். அந்த வீட்டில் ஓர் இளம் நடிகை குடியிருந்தாள். பளிங்கு போன்ற முகம். கருகருவென்ற கூந்தல். ஓரம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த பெரிய கண்கள். பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள்.

சினிமாக்காரர்களும் சீமான்களும் அவளைத் தேடி வருவார்கள். வீட்டில் கருத்த மேனியுடைய வயதான அம்மாள் ஒருவர் இருப்பார்.

“யார் இவர்?” என்று விருந்தினர்கள் விசாரித்தால், “வேலைக்காரி” என்று பதில் வரும்.

உண்மையில் அந்த அம்மாள் வேலைக்காரி அல்ல. அந்த நடிகையை மார்பிலும் தோளிலும் போட்டு வளர்த்த தாய்!

அந்த நடிகையின் பெயர் மெர்ல் ஓபரான். பின்னாளில் ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்தவர். சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசுக்குப் பெயர் சொல்லப்பட்டவர். அவர் பிறந்த ஊர் நம் நாட்டுப் பம்பாய். இதை அவர் கடைசி மூச்சு வரை வெளியே சொல்லவில்லை.

பம்பாயில் பிறந்த குழந்தை

1911-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி பம்பாயில் (இன்றைய மும்பையில்) மெர்ல் பிறந்தாள். முழுப் பெயர் எஸ்டெல் மெர்ல் ஓப்ரையன் தாம்ஸன்.

அந்த ஆண்டுக் கடைசியில் ஆங்கிலேயச் சக்கரவர்த்தி ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் இந்தியாவுக்கு வந்தார்கள். டெல்லியில் முடிசூட்டு தர்பார் நடந்தது. எங்கே பார்த்தாலும் ராணியைப் பற்றித்தான் பேச்சு. குழந்தைக்கும் “குவீனி” என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். அதாவது, குட்டி ராணி!

பெயர்தான் ராணி. வீட்டில் வறுமை.

குழந்தையை வளர்த்தவர் சார்லட் செல்பி. இலங்கையிலிருந்து வந்த கலப்பினப் பெண்மணி. நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரிகளின் இரத்தமும் அவர் உடலில் ஓடியது. அவருடைய துணைவர் ஆர்தர் தாம்ஸன், ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலேய என்ஜினீயர். 1914-ல் உலகப் போர் மூண்டது. தாம்ஸன் பட்டாளத்தில் சேர்ந்து போனார். போனவர் திரும்பவில்லை. போர்முனையில் நோய் கண்டு இறந்தார்.

சார்லட்டுக்குக் கான்ஸ்டன்ஸ் என்று ஒரு மகள் இருந்தாள். மெர்ல் அவளை அக்காள் என்று நினைத்து வளர்ந்தாள்.

ஆனால் பம்பாய்ப் பிறப்புப் பதிவேட்டில் எழுதியிருப்பது வேறு. மெர்லைப் பெற்றவள் இந்தக் கான்ஸ்டன்ஸ்தான்! அப்போது அவள் பருவம் வந்தும் வராத சின்னஞ்சிறு பெண். தந்தை என்று குறிக்கப்பட்டிருப்பவர், தாயின் துணைவரான அதே தாம்ஸன். வீட்டுக்குள் நடந்த இந்தக் கொடுமையை மூடி மறைக்கவே, பேத்தியைத் தன் மகள் என்று சொல்லி வளர்த்தார் சார்லட்.

ஆக, மெர்ல் தாய் என்று நினைத்தவர் பாட்டி. அக்காள் என்று நினைத்தவள் தாய். பிற்காலத்தில் மெர்ல் உலகத்துக்கு ஒரு பொய் சொன்னார் என்று குறை கூறுகிறார்கள். அவருக்கே தொட்டிலிலேயே ஒரு பொய் சொல்லப்பட்டுவிட்டது.

கல்கத்தா டெலிபோன் பெண்

1917-ல் சார்லட்டும் மெர்லும் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே “லா மார்ட்டினியர்” என்ற பெரிய பள்ளிக்கூடத்தில் உதவிப் பணத்தில் படிக்க மெர்லுக்கு இடம் கிடைத்தது.

படிப்பு நிலைக்கவில்லை. சக மாணவிகள் அவளைக் கலப்பினப் பெண் என்று ஏளனம் செய்தார்கள். ஏச்சுப் பொறுக்காமல் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள்.

அந்தக் காலத்து ஆங்கிலோ இந்தியர்களின் நிலை பரிதாபமானது. வெள்ளைக்காரர்கள் தங்கள் கிளப்புகளில் அவர்களைச் சேர்க்க மாட்டார்கள். இந்தியர்களும் அவர்களைத் தங்களவர்களாக நினைக்கவில்லை. தோல் எவ்வளவு வெளுப்பு என்பதே அவர்களுடைய மதிப்பை அளக்கும் கோலாக இருந்தது. மெர்லுக்கு நிறம் வெளுப்பு. தாயோடு சேர்ந்து நின்றால்தான் குட்டு வெளிப்படும்!

வயது வந்ததும் மெர்ல் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் போனாள். மாலை வேளைகளில் கல்கத்தா அமெச்சூர் நாடகக் குழுவில் நடித்தாள். சினிமா என்றால் உயிர். சௌரங்கியில் “பிர்ப்போஸ்” என்ற பிரபல ஓட்டல் இருந்தது. வெள்ளைக்காரச் சீமான்கள் கூடும் இடம். அங்கே நடனமாடப் போவாள்.

அப்படிப் பழகியவர்களில் ஒரு வெள்ளைக்காரக் கர்னலும் உண்டு. முன்பு சினிமாவில் நடித்தவர். மெர்லை அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு நாள் இரவு அவளுடைய வீட்டுக்கு வந்தார். அங்கே சார்லட்டைப் பார்த்தார். அன்றோடு காதல் முறிந்தது என்று மெர்லின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

போகும்போது அந்தக் கர்னல் ஒரு வாக்குறுதி கொடுத்தார். பிரான்ஸ் தேசத்துக்கு வந்தால், நீஸ் நகரில் படம் எடுக்கும் டைரக்டர் ரெக்ஸ் இங்கிராமிடம் அறிமுகம் செய்வதாகச் சொன்னார். தட்டிக் கழிக்கச் சொன்ன வார்த்தையாக இருக்கலாம். மெர்ல் அதைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டாள்.

தாயும் மகளும் கப்பல் ஏறினார்கள். பிரான்ஸ் போய்ச் சேர்ந்தபோது கர்னலைக் காணோம்! என்றாலும் இங்கிராமிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் வேடம் கிடைத்தது.

இந்தப் பயணத்தில்தான் சார்லட் வேலைக்காரி ஆனார் என்கிறார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டிக்கு ஒரு கருத்த ஆயா இருப்பதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் அல்லவா?

இதற்கு அந்தத் தாய் எப்படிச் சம்மதித்தார்? அவர் எழுதி வைத்த கடிதமோ குறிப்போ வெளிவரவில்லை. சம்மதித்தார் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், தன் மகளின் வீட்டிலேயே அந்த வேடத்தைப் போட்டார். இரு பெண்களில் யாருடைய நடிப்பு பெரிய நடிப்பு?

லண்டனில் “குவீனி”

பிரான்சிலிருந்து லண்டன். ஆரம்பத்தில் பிழைப்புக்கே திண்டாட்டம். “குவீனி ஓப்ரையன்” என்ற பெயரில் இரவு விடுதி ஒன்றில் விருந்தினரை உபசரிக்கும் வேலை. பகலில் ஸ்டூடியோ வாசலில் காத்துக் கிடப்பது. பெயர்கூடப் போடாத சில்லறை வேடங்கள்.

இந்த நேரத்தில்தான் அலெக்சாண்டர் கோர்டாவின் பார்வை அவள் மீது விழுந்தது. கோர்டா ஹங்கேரி நாட்டுக்காரர். லண்டனில் புதிதாகப் படக் கம்பெனி தொடங்கியிருந்தார். ஸ்டூடியோவின் சாப்பாட்டுக் கூடத்தில் மெர்லை முதலில் கவனித்தவர் கோர்டாவின் அப்போதைய மனைவிதான் என்று ஒரு கதை உண்டு.

கோர்டா ஒப்பந்தம் எழுதினார். ஓப்ரையன் என்பது ஓபரான் ஆயிற்று.

1933-ல் “எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை” வெளிவந்தது. மன்னனின் இரண்டாம் மனைவி ஆன் போலினாக மெர்ல் வந்தார். கொலைக்களத்துக்குப் போகும் ராணி. படத்தில் சில நிமிடங்களே வருகிறார். தலை உருண்டுவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களே போதுமானதாக இருந்தன. படம் அமெரிக்காவிலும் பிரமாதமாக ஓடியது. ஹென்றியாக நடித்த சார்லஸ் லாட்டன் ஆஸ்கார் பரிசு பெற்றார்.

அடுத்த ஆண்டு, லெஸ்லி ஹோவர்டுடன் “ஸ்கார்லெட் பிம்பர்னல்”. பிரெஞ்சுப் புரட்சிக் கதை. இதில் கதாநாயகி வேடம். ஹாலிவுட் கூப்பிட்டது.

டாஸ்மேனியாக் கதை

நடிகை புகழ் பெற்றால், எந்த ஊர், யார் மகள் என்று ரசிகர்கள் கேட்பார்கள். பத்திரிகைக்காரர்களும் கேட்பார்கள். பதில் வேண்டும்.

விளம்பரக்காரர்கள் ஒரு கதை கட்டினார்கள். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் தலைநகரம் ஹோபர்ட். மெர்ல் அங்கே உயர்குடியில் பிறந்தவர். தகப்பனார் வேட்டைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்தார். அதன் பிறகு இந்தியாவில் வளர்ந்தார். இதுதான் கதை.

டாஸ்மேனியாவை ஏன் பிடித்தார்கள்? லண்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அது வெகு தூரம். யார் போய்ப் பதிவேட்டைப் புரட்டப் போகிறார்கள்? தவிர, அது முழுக்க முழுக்க ஆங்கிலேயர் நாடு என்று பெயர் வாங்கிய இடம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மெர்ல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மறைத்துக் காட்டினார்!

டாஸ்மேனியா மக்கள் அந்தக் கதையை அப்படியே நம்பினார்கள். நம்ம ஊர்ப் பெண் ஹாலிவுட் நட்சத்திரம் என்று பூரித்துப் போனார்கள். அங்கே உள்ள சிலர் ஒரு படி மேலே போய், மெர்ல் உள்ளூர் ஓட்டலில் வேலை பார்த்த சீனப் பெண்ணின் மகள் என்று இன்னொரு கதையையும் சேர்த்துக் கொண்டார்கள்.

உண்மை சொன்னால் என்ன?

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் மெர்லைக் குறை சொல்வது சுலபம்.

அமெரிக்கா 1917-ல் ஒரு சட்டம் போட்டது. இந்தியா, இலங்கை உள்பட ஆசியாவின் பெரும் பகுதியிலிருந்து யாரும் குடியேற வரக்கூடாது என்று தடுத்தது அந்தச் சட்டம். 1923-ல் அந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு, இந்தியர்கள் “வெள்ளையர்” அல்ல, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு பகத்சிங் திண்ட் என்ற பஞ்சாபியைப் பற்றியது. இந்தக் கதவு 1946-ல்தான் கொஞ்சம் திறந்தது. அதுவும் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்கு மட்டும்!

சினிமாவிலும் கட்டுப்பாடு இருந்தது. 1930-ல் எழுதி, 1934 முதல் கண்டிப்பாக அமலுக்கு வந்த சினிமா ஒழுங்கு விதிகள், வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதாகப் படம் எடுக்கக்கூடாது என்றன. படாதிபதிகள் மற்ற நிறத்தாருக்கும் அதே பயத்தோடு விலக்கு வைத்தார்கள்.

அன்னா மே வோங் கதையைப் பாருங்கள். சீன வம்சத்தவர். பிறந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில். அருமையான நடிகை. சீன விவசாயிகளைப் பற்றி “நல்ல பூமி” என்ற படம் எடுத்தபோது, கதாநாயகி வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. கதாநாயகன் வேடத்துக்கு ஒரு வெள்ளையரைப் போட்டுவிட்டார்கள். ஆகவே சீனப் பெண் வேடத்துக்கும் வெள்ளைக்காரியான லூயிஸ் ரெய்னரைப் போட்டார்கள். ரெய்னர் அந்த வேடத்துக்காக ஆஸ்கார் பரிசும் வாங்கினார்!

மெர்லைக் கண்டெடுத்த கோர்டா, மைசூர் யானைப்பாகன் மகன் சாபுவையும் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர். 1937-ல் “யானைப் பையன்” என்ற படத்தில் நடிக்க வைத்தார். சாபு தலைப்பாகையோடு யானை மீது வந்தான், உலகம் கைதட்டியது. இந்தியன் என்பதைக் காட்டிச் சாபுவை விற்றார்கள். அதையே மறைத்து மெர்லை விற்றார்கள். சாபுவுக்குக் கிடைத்த வேடங்களில் பல காட்டுப் பையன் போன்றவை. வெள்ளைக்காரக் கதாநாயகனைக் காதலிக்கும் கதாநாயகி வேடம் வேண்டுமென்றால், பம்பாய் கூடாது; ஹோபர்ட் வேண்டும்.

ஆஸ்கார் பந்தயம்

ஹாலிவுட்டில் முதலில் அவருக்குக் கிடைத்தது கவர்ச்சி வேடம். படாதிபதி சாமுவேல் கோல்ட்வின் அதை மாற்றினார். பூச்சைக் குறைத்து, அடக்கமான ஆங்கிலக் குடும்பப் பெண்ணாக அவரைக் காட்டினார். 1935-ல் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் “தி டார்க் ஏஞ்சல்”. கறுப்புத் தேவதை என்று சொல்லலாம்.

கதை இதுதான்: காதலன் போருக்குப் போகிறான். அங்கே கண்பார்வை போய்விடுகிறது. காதலிக்குச் சுமையாக இருக்கக்கூடாது என்று, இறந்துவிட்டதாக அவள் நினைக்கும்படி விட்டுவிட்டு, வேறு பெயரில் வாழ்கிறான். பின்னர் அவள் தேடி வருகிறாள். அவனோ அறையில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்து, பார்வை உள்ளவன் போலவே நடிக்கிறான்.

பெயரை மாற்றிக்கொண்டு ஓர் உண்மையை மறைக்கும் மனிதனின் கதை. காதலியாக நடித்தவர் மெர்ல்! எழுதியவர்களுக்கு இந்தப் பொருத்தம் தெரிந்திருக்க நியாயமில்லை.

1936 மார்ச்சில் நடந்த ஆஸ்கார் விழாவில், சிறந்த நடிகைக்கான பரிசுக்குப் போட்டியிட்டவர்களில் மெர்லும் ஒருவர். பரிசு பெட்டி டேவிசுக்குப் போயிற்று. பரிசு கிடைக்காவிட்டாலும், அந்தப் பட்டியலில் இடம் பெற்ற முதல் ஆசிய வம்சாவளிப் பெண் மெர்ல். அது அன்று விழா மண்டபத்தில் இருந்த யாருக்கும் தெரியாது.

1937: இரண்டு அடிகள்

1937-ம் ஆண்டு மெர்லுக்குப் பொல்லாத ஆண்டு.

லண்டனில் “நான், கிளாடியஸ்” என்ற ரோமாபுரிச் சரித்திரப் படத்தில் நடித்துக் கொண்டிருந்தார். மார்ச் மாதம் கார் விபத்து. முகத்தில் காயம். படமே நின்றுவிட்டது. எடுத்த வரையில் உள்ள துண்டுகளைச் சேர்த்து 1965-ல் பி.பி.சி. ஒரு செய்திப்படம் தயாரித்தது.

அதே ஆண்டில் சார்லட் காலமானார்.

கல்கத்தாவிலிருந்து கூட வந்த ஒரே துணை. பள்ளிக்கூட ஏளனம் முதல் ஹாலிவுட் புகழ் வரை அனைத்தையும் பார்த்தவர். அவருக்காக மெர்ல் ஊர் அறிய அழ முடியாது. வேலைக்காரி இறந்ததற்கு எந்த நடிகை துக்கம் கொண்டாடுவாள்?

கருப்பன் வேடமும் வெள்ளைக்காரி வேடமும்

1939-ல் “உதரிங் ஹைட்ஸ்” வந்தது. மெர்லின் படங்களில் தலைசிறந்தது இதுதான். எமிலி பிராண்டி என்ற ஆங்கில மங்கை 1847-ல் எழுதி வெளியிட்ட நாவல். காற்று வீசும் மேட்டு நிலம். அங்கே வளர்ந்த காத்தி என்ற பெண். அனாதையாக வந்த ஹீத்கிளிப். இருவரின் நிறைவேறாத காதல்.

ஹீத்கிளிப்பாக லாரன்ஸ் ஒலிவியர் நடித்தார். அவருக்கு மெர்ல் மீது ஆரம்பத்திலிருந்தே மனத்தாங்கல். தம் காதலி விவியன் லீக்குக் காத்தி வேடம் கிடைக்கவேண்டும் என்று விரும்பியிருந்தார். கிடைக்கவில்லை. விவியன் லீக்கு அதே ஆண்டில் “காற்றோடு போச்சு” படம் கிடைத்தது. உலகப் புகழ் பெற்றார். விவியன் லீ பிறந்ததும் இந்தியாவில்தான். ஊர் டார்ஜிலிங். அவர் அதை மறைத்ததில்லை.

இன்னொரு வேடிக்கை. நாவலில் ஹீத்கிளிப் கருத்த நிறம். எந்த இனம் என்று தெரியாதவன். காத்தியோ வெள்ளைக்கார எஜமானின் மகள். படத்தில் கருத்தவனாக வந்தவர் அசல் ஆங்கிலேயர். வெள்ளைக்கார எஜமானின் மகளாக வந்தவர் இலங்கை அம்மாளின் பேத்தி!

படத்துக்கு 8 ஆஸ்கார் சிபாரிசுகள். மெர்லின் பெயர் மட்டும் அதில் இல்லை. காத்தி சாகும் காட்சியைப் பார்த்தவர்கள் இது அநியாயம் என்பார்கள்.

லேடி கோர்டாவின் முகம்

அதே 1939-ல் மெர்ல், கோர்டாவை மணந்தார். 1942-ல் கோர்டாவுக்கு ஆங்கில அரசாங்கம் “சர்” பட்டம் கொடுத்தது. மெர்ல் “லேடி கோர்டா” ஆனார். கல்கத்தா டெலிபோன் பெண் இப்போது சீமாட்டி!

ஆனால் அந்த முகத்துக்கு ஆபத்து வந்தது. நிறத்தை வெளுக்கச் செய்யும் பூச்சுகளை அவர் நெடுநாள் பயன்படுத்தினார் என்று எழுதியிருக்கிறார்கள். 1940-ல் முகப்பூச்சில் இருந்த நஞ்சும், சல்பா மருந்தின் ஒவ்வாமையும் சேர்ந்து தோலைக் கெடுத்துவிட்டன. கோர்டா அவரை நியூயார்க்குக்கு அனுப்பி வைத்தார். டாக்டர்கள் தோலின் மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துச் சிகிச்சை செய்தார்கள். ஓரளவுதான் குணம். பூச்சு இல்லாமல் பார்த்தால் குழிகள் தெரிந்தன.

1944-ல் “தி லாட்ஜர்” என்ற படம். காமிராமேன் லூசியன் பல்லார்டு ஒரு யுக்தி செய்தார். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தால் முகத்தின் ஒவ்வொரு குழியிலும் நிழல் விழும். நிழல் விழுந்தால் தழும்பு தெரியும். ஆகவே காமிராவை ஒட்டியே ஒரு சிறு விளக்கைப் பொருத்தி, நேருக்கு நேர் முகத்தில் ஒளி விழும்படி செய்தார். நிழல் மறைந்தது. தழும்பும் மறைந்தது!

மெர்லின் பெயரை வைத்து அந்த விளக்குக்கு “ஓபி” என்று பெயரிட்டார்கள். சினிமாத் தொழிலில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1945-ல் மெர்ல் கோர்டாவை விவாகரத்து செய்தார். அதே ஆண்டு, விளக்குச் செய்து கொடுத்த பல்லார்டையே மணந்தார். அந்த மணவாழ்க்கை நாலு ஆண்டுதான் நீடித்தது.

சுவரில் மாட்டிய தாய்

1949-ல் மெர்ல் ஒரு காரியம் செய்தார். சார்லட்டின் பழைய புகைப்படம் ஒன்றை ஓவியரிடம் கொடுத்தார். அதைப் பார்த்துப் படம் வரையச் சொன்னார். ஒரு நிபந்தனை: மேனியின் நிறம் வெளுப்பாக இருக்கவேண்டும்.

அந்தப் படம், பின்னர் அவர் வாழ்ந்த வீடுகளில் எல்லாம் சுவரில் தொங்கியது. கேட்டவர்களிடம் இப்போது தாராளமாகச் சொல்லலாம், “என் அம்மா” என்று. உயிரோடு இருந்தபோது சொல்ல முடியாத வார்த்தை!

இதை நடிப்பு என்று தள்ளிவிட முடியவில்லை. மறந்துவிட நினைத்தவர், இறந்து 12 ஆண்டு கழித்துப் படம் வரையச் சொல்ல மாட்டார். சாகும் வரை அதை வீட்டை விட்டு அகற்றாமலும் இருக்க மாட்டார்.

பிற்காலம்

அதற்குப் பிறகு படங்கள் குறைந்தன. 1954-ல் “டிசிரே” படத்தில் மார்லன் பிராண்டோ நெப்போலியனாக நடித்தார். மெர்ல் அவருடைய மனைவி ஜோசபைன். 1957-ல் மெக்சிகோவில் வாழ்ந்த இத்தாலியத் தொழிலதிபர் புரூனோ பாக்லியாயை மணந்தார். இரண்டு குழந்தைகளைத் தத்து எடுத்து வளர்த்தார். பணத்துக்குக் குறைவில்லை. விருந்துகளுக்கும் குறைவில்லை. 1973-ல் வந்த “இண்டர்வல்” கடைசிப் படம். அதில் கூட நடித்த ராபர்ட் வோல்டர்ஸ் அவரை விட 25 வயது இளையவர். 1975-ல் அவரைக் கைப்பிடித்தார். மெர்லுக்கு அது நாலாவது திருமணம்.

ஆனால் பயம் மட்டும் போகவில்லை. 1965-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். உள்ளூர் நிருபர்கள் அவருடைய பூர்வோத்தரத்தைத் துருவுகிறார்கள் என்று தெரிந்ததும், நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டுப் பயணத்தைச் சுருக்கிக் கொண்டார்.

1978-ல் ஹோபர்ட்டுக்கே போகும்படி ஆயிற்று. “சொந்த ஊர்” மகளுக்கு நகர மேயர் வரவேற்பு விழா ஏற்பாடு செய்திருந்தார். 67 வயது மெர்ல், வாழ்நாளில் பிறக்காத ஊரில், பிறந்த மகளாக மாலை மரியாதை பெற வேண்டிய நிலை! விழாவில் உடம்பு சரியில்லை என்று சொல்லி விடைபெற்றுக் கொண்டார். அந்தப் பயணம் முழுவதும் அவர் வாட்டமாகவே இருந்தார் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு, 1979 நவம்பர் 23-ந் தேதி, கலிபோர்னியாவில் உள்ள மாலிபு நகரில் பக்கவாதத்தால் இறந்தார்.

குட்டு உடைந்தது

1983-ல் அவருடைய வாழ்க்கை வரலாறு புத்தகமாக வந்தது. பம்பாய், கல்கத்தா, இலங்கைத் தாய் எல்லாம் அம்பலமாயின. 1985-ல் கோர்டாவின் தம்பி மகன் மைக்கேல் கோர்டா இதே கதையைப் பெயர் மாற்றி நாவலாக எழுதினார். அதற்கு வைத்த பெயர் “குவீனி”.

ஆனாலும் முழு உண்மை அப்போதும் வரவில்லை. கான்ஸ்டன்ஸ் பிற்பாடு திருமணமாகி நான்கு பிள்ளைகள் பெற்றார். அவர்களில் ஒரு மகன் கனடாவில் குடியேறினார். மெர்ல் தன் சித்தி என்று நினைத்திருந்தவர் அவர். பம்பாய்ப் பதிவேட்டில் மெர்லின் பிறப்புச் சான்றைத் தேடி எடுத்தார். தாயார் பெயர் கான்ஸ்டன்ஸ் என்று கண்டு திகைத்தார். சித்தி அல்ல, தன் அக்காள்!

மெர்ல் உயிரோடு இருந்தபோது, அவரைப் பார்க்க லாஸ் ஏஞ்சல்சுக்குப் போனார். மெர்ல் சந்திக்க மறுத்துவிட்டார். தம்பி கோபப்பட்டு ஊருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாழ்க்கை வரலாறு எழுதியவர் வந்து கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. 2002-ல் ஆஸ்திரேலிய அம்மையார் மாரி டெலோப்ஸ்கி எடுத்த செய்திப்படத்தில்தான் அந்தச் சான்று வெளியே வந்தது.

2023 மார்ச்சில் மலேசியாவில் பிறந்த மிஷெல் யோ, சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசை வென்றார். ஆசியப் பெண் ஒருவர் அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் தடவை. அதற்கு இரண்டு மாதம் முன்பு போட்டிப் பட்டியல் வெளியானபோது, அந்தப் பட்டியலில் இடம் பெற்ற முதல் ஆசியர் அவர்தானா என்று பத்திரிகைகளில் விவாதம் எழுந்தது. சில அமெரிக்கப் பத்திரிகைகள் சொற்களை அளந்து போட்டன. முதல் ஆசியர் என்று எழுதாமல், “தன்னை ஆசியர் என்று சொல்லிக்கொள்ளும் முதல் நடிகை” என்று எழுதின. நடுவில் சேர்ந்த அந்த வார்த்தைகள், 87 ஆண்டுகளுக்கு முன் வாய் திறவாமல் அதே பட்டியலில் இருந்த பம்பாய்ப் பெண்ணுக்காகச் சேர்ந்தவை.